இம்பாக்ட் வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது தன் காற்றை

பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியோரத்தில் நான் வாகனத் திருத்தகம் நடத்துகிறேன். கிரவலும் மணலும் ஏற்றும் டிப்பர்கள், உழவு இயந்திரங்கள், அவற்றின் பெட்டிகள், காலபோக அறுவடை முடிந்த கையோடு சேறும் வைக்கோலுமாக வந்து நிற்கும் அறுவடை இயந்திரங்கள், கடற்கரையில் இருந்து ஐஸ் பெட்டியோடு மீன் ஏற்றிப் போகும் லொறிகள் ஆகியவைதான் என் வாடிக்கை. ஒட்டுசுட்டான் பக்கம் புதிதாகத் திருத்தகம் திறக்கப் போகும் தம்பி ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்து, "அண்ணை, காத்தில ஓடுற இம்பாக்ட் ஒண்டு வாங்கப் போறன், எந்தப் பிராண்ட் நல்லது?" என்று கேட்டார். நட்டைச் சுத்தியல் போல அடித்து அடித்துத் திருப்பும் கருவியைத்தான் நாங்கள் இம்பாக்ட் என்கிறோம். பிராண்டில் இருந்து தொடங்கினால் நான் செய்த பிழையைத்தான் அவரும் செய்வார் என்று தோன்றியதால், பதிலை விரிவாகவே இங்கு எழுதுகிறேன்.

நான் செய்த பிழை இதுதான். கடையில் பெட்டியின் மேல் எழுதியிருந்த இலக்கத்தைப் பார்த்து, இருந்ததிலேயே பெரிய இலக்கம் உள்ள ஒரு அங்குல இம்பாக்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன். (அங்குலம் என்பது அதில் சொக்கெட் மாட்டும் சதுரத் தண்டின் அளவு.) வந்த மறுநாளே மீன் லொறி ஒன்று பின் சில்லைக் கழற்றுவதற்காக வந்தது. உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி ஊறிய சில்லு நட்டு எப்படியிருக்கும் என்பது தொழில் செய்கிறவர்களுக்குத் தெரியும்; நட்டும் தண்டும் ஒரே இரும்பாக ஒட்டிப் போயிருக்கும். இம்பாக்ட்டை மாட்டி விசையை அழுத்தியதும் முதல் இரண்டு விநாடிக்கு "டடடட" என்று நன்றாகவே அடித்தது. பிறகு அடி தளர்ந்து, உரலில் மெதுவாக இடிப்பது போல ஒவ்வொன்றாக விழத் தொடங்கியது. நட்டு அசையவில்லை. கடைசியில் பழையபடி, கையால் திருப்பும் நீளக் கம்பியான பவர் பாரில் இரும்புக் குழாயைச் செருகி, இருவர் மாறி மாறி ஏறி நின்றுதான் கழற்றினோம். வந்த ஆத்திரத்தில் கடைக்காரரையும் இம்பாக்ட்டையும் சேர்த்துத் திட்டினேன்.

சில நாட்களின் பின், வவுனியாவில் நெடுங்காலம் லொறி வேலை செய்த மூத்தவர் ஒருவர் ஒரு சாமானுக்காக வந்திருந்தார். நான் குறை சொல்வதைக் கேட்டுவிட்டு, "தம்பி, இம்பாக்ட்டில பிழை இல்லை. காத்தைப் பாரும்" என்றார். பார்ப்பது எப்படி என்றும் அவரே காட்டினார். இம்பாக்ட்டின் காற்று நுழையும் வாயில், குழாய்க்கும் கருவிக்கும் இடையில், ஒரு டீ இணைப்பைப் பூட்டி அதில் சிறிய அமுக்கமானியை வைத்தார். விசையைத் தொடாமல் இருக்கும்போது முள் சதுர அங்குலத்துக்கு 110 இறாத்தலில் நின்றது. விசையை அழுத்தியதும் முள் சறுக்கி 80க்கு வந்து, பிறகு 55இல் நின்று நடுங்கியது. கொம்பிரசரில் உள்ள மானியோ அந்த நேரத்திலும் 105 என்று காட்டிக்கொண்டிருந்தது. அதாவது காற்று கொம்பிரசரின் தாங்கியில் இருக்கிறது, கருவிக்கு வந்து சேரவில்லை.

தாங்கியில் இருந்து கருவி வரைக்கும் காற்று வந்த பாதையை இருவருமாக ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ரயருக்குக் காற்றடிக்கும் நீல நிறச் சுருள் குழாய்தான் போட்டிருந்தேன். அதன் உள்விட்டம் 8 மில்லிமீற்றர், நீளம் 15 மீற்றர். அதில் ஒன்றுக்குப் பின் ஒன்றாக மூன்று கப்ளிங்குகள் (குழாய் இணைப்பிகள்), ஒவ்வொன்றின் துளையும் குழாயின் துளையைவிடச் சிறியது. நடுவில் பெயின்ற் அடிக்கும் வேலைக்கென்று வாங்கிய, காற்றின் அமுக்கத்தைக் குறைக்கும் சின்ன றெகுலேற்றர். அதன் வடிகட்டி செம்மண் நிறத்தில் அடைத்துப் போயிருந்தது. இவ்வளவையும் தாண்டி வருகிற காற்றைக் கொண்டு ஒரு அங்குல இம்பாக்ட்டை ஓட்டுவது, இரணைமடுக் குளத்துத் தண்ணீரைக் குடிதண்ணீர்க் குழாயால் வயலுக்குப் பாய்ச்சுவது போன்றது. பிறகு 19 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள குழாயில் 8 மீற்றர் மட்டும் வாங்கி, அகன்ற துளையுள்ள ஒரே ஒரு கப்ளிங் போட்டு, தாங்கியில் இருந்து நேரே எடுத்தேன். அதே இம்பாக்ட், அதே கொம்பிரசர். ஓடும்போது முள் 85க்குக் கீழே இறங்கவில்லை. அந்த மாதமே வந்த இன்னொரு மீன் லொறியின் நட்டு ஆறேழு விநாடியில் விட்டுக்கொடுத்தது.

காற்றுக் கருவிகளின் இலக்கங்கள் எல்லாம் பெரும்பாலும் 90 இறாத்தல் அமுக்கத்தில், அதாவது ஏறத்தாழ 6.2 பாரில், அளந்து எழுதப்படுபவை. அந்த 90 என்பது கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் வாயில் இருக்க வேண்டிய அமுக்கம். ஓடாமல் நிற்கும்போது காட்டுகிற அமுக்கம் அல்ல. குழாயின் கணக்கும் எளிதுதான்: அரை அங்குல இம்பாக்ட்டுக்கு 10 மில்லிமீற்றர் உள்விட்டம், முக்கால் அங்குலத்துக்கு 13, ஒரு அங்குலத்துக்கு 19. இதில் ஒரு படி இறங்கினாலும் நீங்கள் கொடுத்த பணத்தில் பாதி குழாய்க்குள்ளேயே தங்கிவிடும்.

அடுத்தது கொம்பிரசர். பெட்டியில் "சராசரிக் காற்றுச் செலவு 4 அல்லது 5 சி.எஃப்.எம்." (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்கக் கூடாது. அது சிறிது நேரம் அடித்து, நீண்ட நேரம் சும்மா வைத்திருக்கும் வேலைக்கான கணக்கு. விசையை அழுத்திப் பிடித்தால் அரை அங்குல இம்பாக்ட்டே நிமிடத்துக்கு 600 லீற்றரளவு காற்றைக் குடிக்கும். ஒரு அங்குலம் 1,000 லீற்றரைத் தாண்டும். ஐந்து குதிரைவலுக் கொம்பிரசர் ஒன்று உண்மையில் வெளியே தருவது நிமிடத்துக்கு 450 முதல் 500 லீற்றர் வரைதான். அதன் தகட்டில் இதைவிடப் பெரிய இலக்கம் இருக்கும். அது பிஸ்டன் இழுக்கும் கொள்ளளவு. வெளியே வருவது அதைவிட நாலில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைவாகவே இருக்கும்.

ஆகவே இடைவெளியை நிரப்புவது தாங்கிதான். 200 லீற்றர் தாங்கியில் அமுக்கம் 8 பாரில் இருந்து 6 பாருக்கு இறங்கும்போது 400 லீற்றர் காற்று நமக்குக் கிடைக்கிறது. ஒரு அங்குல இம்பாக்ட் நிமிடத்துக்கு 1,100 லீற்றர் எடுத்து, கொம்பிரசர் 450 லீற்றர் கொடுத்தால், விசையை விடாமல் பிடித்து 37 விநாடி வேலை செய்யலாம். நட்டுக்கு நட்டு கை மாறும் நேரத்தில் தாங்கி மீண்டும் ஏறும் என்பதால், பத்து நட்டுள்ள ஒரு சில்லுக்கு இது போதும். அதே இம்பாக்ட்டை மூன்று குதிரைவலு மோட்டரும் 100 லீற்றர் தாங்கியும் உள்ள கொம்பிரசரில் போட்டால் கிடைப்பது 15 விநாடி. இரண்டு நட்டைக் கழற்றிவிட்டு மூன்றாவதுக்கு வெளியே போய்த் தேநீர் குடித்துவிட்டு வர வேண்டியதுதான்.

வன்னியில் இந்த இடத்தில்தான் மின்சாரத்தின் கேள்வி வருகிறது. வீட்டு இணைப்புப் போல ஒற்றைக் கட்டத்தில் (சிங்கிள் பேஸ்) மூன்று குதிரைவலுவுக்கு மேற்பட்ட மோட்டரை ஓட்டுவது சிரமம். கிளப்பும்போது இழுக்கும் மின்னோட்டத்தில் அயலவரின் மின்குமிழும் மங்கும், நீளமான வயரில் நமது மோட்டரும் சூடேறும். லொறி வேலை செய்யப் போகிறீர்கள் என்றால், இம்பாக்ட்டுக்கு முன்பே மும்முனை (த்ரீ பேஸ்) மின்னிணைப்புக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அது கிடைக்காத உட்கிராமங்களில், பழைய உழவு இயந்திர டீசல் எஞ்சினில் பெல்ட் போட்டுக் கொம்பிரசரை ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். 2022ஆம் ஆண்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரைக்கும் மின்சாரம் நின்ற காலத்தில், அப்படி ஓட்டியவர்களின் கொம்பிரசர்கள்தான் எங்கள் பக்கத்தில் நிற்காமல் வேலை செய்தன, டீசல் கிடைத்த நாட்களில்.

காற்று இவ்வளவு என்று தெரிந்த பிறகுதான் இம்பாக்ட்டின் அளவைத் தீர்மானிக்க வேண்டும். அதற்கும் கடையைப் பார்க்காமல் உங்கள் வாசலில் நிற்கும் வாகனங்களைப் பாருங்கள். கார், வான் சில்லு நட்டுகள் ஏறத்தாழ 100 நியூட்டன் மீற்றர் திருப்பு விசையில் இறுக்கப்படுபவை. சில்லுக்குப் பத்துத் தண்டுள்ள கனரக லொறிகளின் 22 மில்லிமீற்றர் நட்டுகளை 600 முதல் 650 வரை இறுக்குவார்கள். துரு ஏறினால், இறுக்கியதைப் போல இரண்டு மடங்கு கேட்டாலும் ஆச்சரியமில்லை. ஆகவே கார், வான், முச்சக்கர வண்டி, உழவு இயந்திரத்தின் சாதாரண போல்ட்டுகள் ஆகியவற்றுக்கு அரை அங்குலமும், டிப்பர், பஸ், பெரிய லொறிகளுக்கு ஒரு அங்குலமும் என்பது என் தீர்ப்பு. முக்கால் அங்குலத்தைப் பலர் "ரெண்டுக்கும் பாவிக்கலாம்" என்று வாங்குகிறார்கள். சிறிய லொறிகளும் உழவு இயந்திரப் பின்சில்லுகளும் மட்டுமே வருகிற இடத்துக்கு அது நன்று. மற்றபடி காருக்குப் பாரமாகவும் டிப்பருக்குப் போதாமலும் இருப்பதையே கண்டிருக்கிறேன்.

இப்போது பெட்டியில் இருக்கும் இலக்கத்துக்கு வரலாம். விற்பவர் "ஆயிரத்து முந்நூறு" என்று சொன்னால், எந்த அலகில், எந்தத் திசையில் என்று இரண்டு கேள்விகள் கேளுங்கள். 1,300 நியூட்டன் மீற்றர் என்பதும் 960 அடி இறாத்தல் என்பதும் ஒன்றே. ஜப்பானில் இருந்து வரும் பழைய கருவிகளில் அதுவே 133 கிலோகிராம் மீற்றர் என்று எழுதியிருக்கும். அதைச் சின்ன இலக்கம் என்று ஒதுக்கிவிட்டுப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் பெரிதாக அச்சிட்டிருப்பது கழற்றும் திசையின் உச்ச அளவு. இறுக்கும் திசையில் அது குறைவு. சில நிறுவனங்கள் நட்டை உடைத்தெடுக்கும் கண நேர அளவு என்று அதையும்விடப் பெரிய ஒன்றைப் போடுவதுண்டு. இரண்டு கருவிகளை ஒப்பிடுவதானால், தொடர்ந்து வேலை செய்யும் வீச்சு என்று கையேட்டில் சிறிய எழுத்தில் இருக்கும் இலக்கத்தை வைத்தே ஒப்பிட வேண்டும்.

இலக்கம் மட்டுமே நட்டைக் கழற்றுவதில்லை என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 80 கிலோ எடையுள்ள ஒருவர் ஒன்றரை மீற்றர் குழாயின் நுனியில் ஏறி நின்றால் நட்டில் விழுவது ஏறத்தாழ 1,175 நியூட்டன் மீற்றர். அப்படி நின்றும் அசையாத நட்டை, அதே அளவோ அதைவிடக் குறைவோ உள்ள இம்பாக்ட் கழற்றிவிடுவதைத் தினமும் பார்க்கிறோம். உள்ளே காற்று தகடுகளைத் தள்ளுவதால் சுழலும் சுழலி ஒரு சுத்தியலைச் சுற்றுகிறது. அந்தச் சுத்தியல், சொக்கெட் மாட்டும் சதுரத் தண்டை நிமிடத்துக்குப் பல நூறு தடவை அடிக்கிறது. ஒவ்வொரு அடியும் கணப்பொழுதுதான் நீடிக்கும் என்பதால் கைக்கு எதிர்விசை பெரிதாகத் தெரியாது. துருவின் பிடியோ அந்த அதிர்ச்சியில் விரிசல் விடும். எனவே அடியின் தரம் முக்கியம். இரட்டைச் சுத்தியல் அமைப்பு இரு பக்கமும் ஒரே நேரத்தில் அடிப்பதால் அதிர்வு சமப்பட்டு, கை குறைவாக நோகும். தொழிலுக்கு வாங்குகிறவர் அதையே கேட்டு வாங்குவது நல்லது. நீளமான எக்ஸ்டென்ஷன் தண்டும் தேய்ந்த சொக்கெட்டும் அந்த அடியை வில்லுப் போல உறிஞ்சிவிடும். இரட்டைச் சில்லின் ஆழத்துக்கு எக்ஸ்டென்ஷன் போடுவதைவிட, சதுரத் தண்டே 6 அல்லது 8 அங்குலம் நீண்டிருக்கும் ஒரு அங்குல இம்பாக்ட்டை வாங்குவது மேல். ஆனால் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அரை அங்குலத்தில் நல்லது 2 கிலோ அளவில் வருகிறது. நீண்ட தண்டுள்ள ஒரு அங்குலம் 10 கிலோவைத் தொடும். கடையில் ஒரு தடவை தூக்குவது பெரிதல்ல, டிப்பரின் ஆறாவது சில்லில் அதே பாரம் இடுப்பில் பேசும்.

சத்தத்தையும் அதிர்வையும் எங்கள் பகுதியில் ஒருவரும் கேட்டு வாங்குவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் கை அதிர்வுக்கு எட்டு மணிநேர வேலைக்குரிய உச்ச வரம்பு 5 மீற்றர்/விநாடி² என்று வைத்திருக்கிறார்கள், 2.5ஐத் தாண்டினாலே முதலாளி ஏதாவது செய்ய வேண்டும். நல்ல நிறுவனங்களின் கையேட்டில் அந்தந்தக் கருவியின் அதிர்வு அளவு எழுதியிருக்கும். காதுக்கு நான் பெரிய காதடைப்பான் வாங்கி ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். பெடியள் அதைப் போட வைப்பதுதான் நட்டைக் கழற்றுவதிலும் கடினமாக இருக்கிறது.

சொக்கெட்டுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். கையால் திருப்பும் பளபளப்பான குரோம் சொக்கெட்டை இம்பாக்ட்டில் மாட்டவே கூடாது. என் திருத்தகத்தில் அவசரத்துக்கு ஒரு தடவை மாட்டியதில், அது இரண்டாகப் பிளந்து ஒரு துண்டு பக்கச் சுவரின் தகரத்தைத் துளைத்துக்கொண்டு போனது. அந்தத் துளையை இன்றும் அடைக்காமல் வைத்திருக்கிறேன், புதிதாக வேலை பழக வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக. இம்பாக்ட்டுக்கென்று வரும் கறுப்பு நிற, தடித்த சுவருள்ள குரோம் மொலிப்டினம் சொக்கெட்டுகளே வேண்டும். பழைய ஜப்பான் லொறிகள் வருமானால் வெளி நட்டுக்கு 41 மில்லிமீற்றர் அறுகோணமும், உள் நட்டுக்கு 21 மில்லிமீற்றர் சதுரமும் அவசியம். அந்த லொறிகளில் இடப்பக்கச் சில்லுகளுக்கு இடப்புரி மரை என்பதை மறக்கக் கூடாது. சில்லுத் தண்டின் நுனியில் "எல்" எழுத்து அடித்திருக்கும். அதைப் பார்க்காமல் திசை நெம்பை வழமையான பக்கம் தள்ளிவிட்டு, கழற்றுவதாக நினைத்துக்கொண்டு முழுப் பலத்தோடு இறுக்கிய தம்பி ஒருவர், தண்டு முறிந்த பிறகுதான் நிறுத்தினார்.

இறுக்கும் வேலைக்கு இம்பாக்ட்டை நான் நம்புவதில்லை. நட்டு சில்லில் போய் உட்காரும் வரைக்கும் குறைந்த வலுவில் ஓட்டி, மிகுதியை, இறுக்கும் அளவைக் காட்டும் தோர்க் றெஞ்சால் முடிக்கிறோம். இம்பாக்ட்டில் உள்ள 1, 2, 3 என்ற திருகி காற்றைக் குறைப்பது மட்டுமே. அது ஓர் அளவுகோல் அல்ல. தண்டு இழுபட்டு நீள்வதும், கார்களில் பிரேக் டிஸ்க் வளைவதும் பெரும்பாலும் "நல்லா இறுக்கி விடுங்கோ" என்ற வாடிக்கையாளரின் திருப்திக்காகச் செய்ததன் பலன். 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடிய பிறகு திரும்ப வந்து இறுக்கத்தைச் சரிபார்க்கும்படி எல்லோரிடமும் சொல்லி அனுப்புகிறோம், வருபவர்கள் பாதிப்பேர்.

வாங்கிய பிறகு கருவியைக் கொல்வது தண்ணீரும் தூசியும்தான். ஐப்பசியில் மழை தொடங்கினால் கொம்பிரசரின் அடியில் ஒவ்வொரு மாலையும் தண்ணீர் நிற்கும். வடிகால் திருகியைத் திறந்தால் கலங்கலாக ஒரு கோப்பை அளவு வரும். திறக்காவிட்டால் அது இம்பாக்ட்டுக்குள் போய் உருளையைத் துருப்பிடிக்க வைக்கும். தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில் வேறு தொல்லை. நிலத்தில் போட்ட குழாயின் வாயில் செம்மண் தூசி நிரம்பும். அப்படியே மாட்டினால் தகடுகள் தேய்ந்துபோகும். மாட்டுவதற்கு முன் குழாயை ஒரு தடவை ஊதிவிடுவதும், காலையில் காற்று நுழையும் வாயில் காற்றுக் கருவி ஒயில் நாலைந்து துளி விடுவதும் போதும். எஞ்சின் ஒயில் விடாதீர்கள். அது பிசுபிசுத்துத் தகடுகளை அவற்றின் பள்ளத்திலேயே ஒட்ட வைக்கும். சுத்தியல் பகுதிக்குப் போட வேண்டியது கிறீஸ், அது வேறு.

பிராண்டைப் பற்றிக் கேட்ட தம்பிக்கு அதையும் சொல்லத்தான் வேண்டும். இங்கர்சோல் ரான்ட், சிக்காகோ நியூமாட்டிக் இரண்டும் உலகமெங்கும் தொழிற்களங்களில் ஓடுபவை. ஜப்பானின் குக்கென், ஷினானோ கருவிகள் பழையதாகக் கிடைத்தாலும் நெடுநாள் உழைப்பவை. வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் பலதும் கிடைக்கும். ஆனால் எதை எடுத்தாலும், பணம் கொடுப்பதற்கு முன் தகடுத் தொகுதியும் சுத்தியலும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். தகடு தேய்வது இயல்பு. அது கிடைக்காத கருவி இரண்டாம் வருடத்தில் மேசையில் கிடக்கும் பாரம். பழையதை வாங்குகிறவர் சதுரத் தண்டின் விளிம்புகளைத் தடவிப் பார்க்க வேண்டும். விளிம்பு உருண்டிருந்தால் விலையைக் கேட்காமலே வைத்துவிடலாம். பற்றரியில் ஓடும் இம்பாக்ட்டும் இப்போது நன்றாக வந்துவிட்டது. வயலுக்குள் புதைந்து நிற்கும் அறுவடை இயந்திரத்துக்குக் குழாயை இழுத்துக்கொண்டு போக முடியாது என்பதால் நானும் ஒன்று வைத்திருக்கிறேன். நாள் முழுதும் லொறிச் சில்லுக் கழற்றும் இடத்தில் காற்றுக் கருவியின் உழைப்பை அது இன்னும் எட்டவில்லை என்பதே என் அனுபவம்.

தம்பியிடம் இருப்பது ஒற்றைக் கட்ட மூன்று குதிரைவலுக் கொம்பிரசரும் 100 லீற்றர் தாங்கியும். அவருக்கு முதல் வருடத்தில் வரப் போவதும் வான்களும் உழவு இயந்திரங்களும்தான். ஆகவே இரட்டைச் சுத்தியல் உள்ள அரை அங்குலம் ஒன்று, 10 மில்லிமீற்றர் குழாய் 10 மீற்றர், கறுப்புச் சொக்கெட் தொகுதி ஒன்று, வாயில் வைத்துப் பார்க்க ஓர் அமுக்கமானி. இவ்வளவையும் இப்போது வாங்கச் சொல்லியிருக்கிறேன். மும்முனை இணைப்பு வந்த பிறகு ஒரு அங்குலத்துக்கு என்னோடு பஞ்சிகாவத்தைக்கு வரலாம்.